பழைய பத்து கியர் சைக்கிளை ஒற்றைக் கியராக மாற்றுவது: வாங்குவதிலிருந்து முதல் ஓட்டம் வரை

1970களின் தொடக்கத்தில் வட அமெரிக்காவில் பத்து கியர் சைக்கிள் மோகம் பெரிதாகக் கிளம்பியது. அமெரிக்காவில் 1973இல் மட்டும் ஏறக்குறைய ஒன்றரைக் கோடி சைக்கிள்கள் விற்றன. வளைந்த ஹேண்டில்பாரும் மெல்லிய டயரும் வைத்த அந்த ரோடு பைக்குகள் இன்னும் டொரான்டோ கராஜ்களிலும் லண்டன் தோட்டக் கொட்டகைகளிலும் பாரிஸ் நிலவறைகளிலும் தூசி படிந்து நிற்கின்றன. இடத்தை அடைக்கிறது என்று கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். இரும்பு ஃபிரேமுக்கு இத்தனை வருடத்திலும் பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. போனது கியர் மாற்றும் சாமான்கள்தான். அதிலும் 70களின் மலிவான பெஷோ (Peugeot) சைக்கிள்களில் வந்த சிம்ப்ளெக்ஸ் டீரெய்லர் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் கருவி) டெல்ரின் என்ற பிளாஸ்டிக்கால் செய்தது, இன்றைக்கு அதில் விரிசல் இல்லாததைப் பார்ப்பது அபூர்வம்.

ஆகவே கியரையே எடுத்துவிட்டு ஒற்றைப் பல்சக்கரத்தில் ஓட்டலாம் என்பது பணம் மிச்சப்படுத்தும் யோசனை மட்டும் இல்லை, அந்த ஃபிரேமுக்கு நல்ல இரண்டாம் வாழ்க்கையும்கூட. ஏறக்குறைய ஒரு கிலோ எடை குறையும், உப்புத் தூவிய பனிக்காலச் சாலையில் உறைந்து நிற்க எதுவும் இருக்காது, சத்தமும் அடங்கிவிடும். கியர் இல்லாமல் எப்படி என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். 90களில் பெட்ரோல் தடையில் இருந்த யாழ்ப்பாணம் முழுக்க ஒற்றைக் கியர் சைக்கிளில்தான் ஆளும் மூட்டையுமாக நகர்ந்தது.

வேலைக்குப் போகும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த மாற்றத்தில் பிழைக்கிற, கெடுகிற இடம் பின் சக்கரம்தான். உங்கள் நேரமும் பணமும் அங்கே போகட்டும். பெயின்ட், கலர் டயர், புது ஹேண்டில்பார் டேப் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

எந்த சைக்கிளை எடுப்பது

முதலில் பார்க்க வேண்டியது பின் அச்சு உட்காரும் பள்ளம், அதாவது டிராப்அவுட். அது படுக்கையாக அல்லது சாய்வாக நீண்டு, முன்பக்கம் திறந்திருக்க வேண்டும். அப்போதுதான் சக்கரத்தைப் பின்னால் இழுத்து செயினை விறைப்பாக்க முடியும். பள்ளம் செங்குத்தாகக் கீழ்நோக்கித் திறந்திருந்தால் சக்கரம் முன்பின் நகராது. அதற்குச் செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் மாட்ட வேண்டும், இல்லையென்றால் வைட் இண்டஸ்ட்ரீஸின் ஈனோ மாதிரி அச்சே மையம் விலகி இருக்கும் ஹப் (சக்கரத்தின் நடு உருளை) வாங்க வேண்டும். மிதிப்பதை நிறுத்தவே முடியாத ஃபிக்ஸட் கியருக்கு (விவரம் கீழே) டென்ஷனர் உதவவே உதவாது, பெடலைப் பின்னால் அழுத்தும்போது செயினின் கீழ்ப்பக்கம் இழுபட்டு டென்ஷனரை முறித்துவிடும். 80களின் நடுப்பகுதி வரை வந்த பெரும்பாலான ரோடு பைக்குகளில் படுக்கைப் பள்ளம்தான், அதனால் பழசைத் தேடுவதே நல்லது.

எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து எந்தத் தொல்லை வரும் என்பதும் மாறும். கனடாவிலும் அமெரிக்காவிலும் இருப்பவர்களுக்கு அதிர்ஷ்டம்: 70களின் பிற்பாதியிலிருந்து 80களின் நடுப்பகுதி வரை ஜப்பானில் செய்த நிஷிகி, ஃபூஜி, மியாட்டா, சென்ச்சூரியன் எல்லாம் அங்கே நிறையக் கிடைக்கும். சேக்கினே கனடாவிலேயே மானிடோபாவில் பூட்டப்பட்டது. இவற்றில் மரை எல்லாம் ஆங்கில அளவு, இன்றைய சாமான்கள் அப்படியே ஏறும், ரிம்மும் பெரும்பாலும் அலுமினியம். முதல் தடவை செய்பவருக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்வது இவற்றைத்தான். லண்டனில் ராலே அதிகம். நாட்டிங்ஹாமில் செய்த மலிவான ராலேக்களில் பெடல் அச்சு உட்காரும் பி.பி. (பாட்டம் பிராக்கெட்) மரை அங்குலத்துக்கு 26. மற்ற ஆங்கில சைக்கிள்களில் 24. எனவே வழக்கமான புது பி.பி. வாங்கி மாட்ட முடியாது, பழைய கப்பையும் அச்சையும் பத்திரமாகக் கழுவி, கிரீஸ் வைத்து, புது பால்ஸ் போட்டு ஓட்ட வேண்டியதுதான். அதில் கஷ்டம் ஒன்றுமில்லை.

பாரிஸ்காரர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 80களின் தொடக்கம் வரை வந்த பெஷோ, மோட்டோபெக்கான் எல்லாம் பிரெஞ்சு அளவு. பி.பி. 35 மி.மீ. விட்டமும் 1 மி.மீ. மரையும், பெரும்பாலும் இரண்டு பக்கமும் வலமரை. பெடல் 14 மி.மீ., ஆங்கிலப் பெடல் ஏறாது. ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம் 22 மி.மீ., ஆங்கில ஸ்டெம் 22.2. பின் ஹப்பில் திருகி ஏறும் பல்சக்கரத் தொகுதியான ப்ரீவீலின் மரைகூட 34.7 மி.மீ. இந்த ப்ரீவீல் மரைதான் ஆபத்தானது. ஆங்கில ப்ரீவீல் பிரெஞ்சு ஹப்பில் லொடலொடவென்று ஏறிவிடும், ஏறியதே என்று மகிழ்ந்து ஓட்டினால் மேட்டில் எழுந்து மிதிக்கும்போது மரை உரிந்து கால் காற்றில் மிதிக்கும். பிரெஞ்சு ஃபிரேம் எடுத்தால் பின் சக்கரத்தை மாற்றிவிடுங்கள், மற்றதைப் பழசாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது சீட் போஸ்ட்டும் ஸ்டெம்மும் நகர்கிறதா என்று கையால் ஆட்டிப் பாருங்கள். துருவில் இறுகிப்போன போஸ்ட் ஒரு வாரத்தைத் தின்றுவிடும். ஹேண்டில் குழாய்க்குப் பின்னால், கீழ்க்குழாயின் அடிப்பக்கத்தில் விரலை ஓட்டுங்கள். பெயின்ட் சுருங்கி அலையலையாக இருந்தால் எங்கேயோ மோதியிருக்கிறது, விட்டுவிடுங்கள். ஷ்வின் வார்சிட்டி மாதிரி 17 கிலோவைத் தாண்டும் வண்டியும் வேண்டாம். அது அழியாதது, ஆனால் கியரை எடுத்தபின் அந்த எடையை உங்கள் முட்டிதான் சுமக்கும்.

இன்னொரு வேண்டுகோள். ரெனால்ட்ஸ் 531 ஸ்டிக்கரும் கம்பக்னோலோ சாமான்களும் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் சைக்கிள் கையில் கிடைத்தால் அதை மாற்றாதீர்கள். துடைத்து, ஓவராயில் செய்து, கியரோடு ஓட்டுங்கள் அல்லது அதை விரும்புபவரிடம் கொடுங்கள். மலிவான சைக்கிளாக இருந்தாலும் டீரெய்லர் தொங்கும் காதையும் கேபிள் கொளுவிகளையும் அரத்தால் தேய்த்து எடுக்கிற வழக்கம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. கழற்றியதை ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள். என்றாவது யாராவது திரும்பப் பூட்ட வழி இருக்க வேண்டும்.

ப்ரீவீலா, ஃபிக்ஸடா

சிங்கிள் ஸ்பீடு என்றால் நம் ஊர் சாதாரண சைக்கிள் போலத்தான், மிதிப்பதை நிறுத்தினால் சக்கரம் மட்டும் சுற்றும். ஃபிக்ஸட் கியரில் பல்சக்கரம் ஹப்போடு பூட்டப்பட்டிருக்கும், சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். இறக்கத்திலும் திருப்பத்திலும் நிறுத்த முடியாது. சாலையோடு ஒரு நேரடித் தொடர்பு கிடைப்பது உண்மை, அது பழகிவிட்டால் விட மனம் வராது என்பதும் உண்மை. ஆனால் முதல் மாற்றத்தை ப்ரீவீலில் செய்யுங்கள். புதிதாகச் சக்கரம் வாங்குவதாக இருந்தால் ஃபிளிப் ஃப்ளாப் ஹப் வைத்ததை வாங்குங்கள். ஒரு பக்கம் ப்ரீவீல், மறுபக்கம் ஃபிக்ஸட், சக்கரத்தைத் திருப்பிப் போட்டால் போதும்.

பழைய ப்ரீவீல் ஹப்பின் மரையில் ஃபிக்ஸட் பல்சக்கரத்தைத் திருகி, பி.பி. லாக் ரிங்கைப் பூட்டி, மரை ஒட்டும் பசை போட்டு ஓட்டுபவர்கள் உண்டு. செய்யாதீர்கள். சரியான ஃபிக்ஸட் ஹப்பில் பல்சக்கரத்துக்கு வலமரை, அதன் மேல் லாக் ரிங்குக்குச் சிறிய விட்டத்தில் இடமரை. நீங்கள் பின்னோக்கி அழுத்தும்போது பல்சக்கரம் கழலப் பார்த்தால் லாக் ரிங் இறுகும். பழைய ஹப்பில் அந்த இடமரை கிடையாது, எல்லாமே ஒரே திசையில் கழன்று வரும், அதுவும் சரியாக நீங்கள் வேகத்தைக் குறைக்க நினைக்கும் கணத்தில்.

கழற்றுதல்

ஸ்பானர் செட், ஆலன் கீ, செயின் கட்டர், கோன் ஸ்பானர், ஸ்போக் சாவி, உங்கள் ப்ரீவீலுக்குப் பொருந்தும் ரிமூவர், கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) கழற்றும் புல்லர், கிரீஸ். இவ்வளவு போதும். எல்லாவற்றையும் வாங்க வேண்டியதில்லை. மேற்கு நாட்டு நகரங்கள் பலவற்றில் கருவிகளைக் கொடுத்து நீங்களே செய்துகொள்ளச் சொல்லும் தன்னார்வப் பட்டறைகள் இருக்கின்றன. ஸ்டாண்டும் வைஸும் அங்கேதான் கிடைக்கும்.

கழற்றுவதற்கு முதல் நாளே ஸ்போக் நிப்பிள், கிராங்க் போல்ட், ஸ்டெம், சீட் போஸ்ட் எல்லாவற்றிலும் துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். பிறகு செயினை வெட்டி எடுங்கள், முன்பின் டீரெய்லர், ஷிஃப்டர், கியர் கேபிள் எல்லாம் சுலபமாக வந்துவிடும். மலிவான ஃபிரேமில் பின் டீரெய்லர் ஒரு தனித் தகட்டில் பள்ளத்தோடு சேர்ந்து பூட்டியிருக்கும், அதுவும் கூடவே வரும்.

ப்ரீவீலைக் கழற்றுவதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு ரிமூவர். பழைய சன்டூருக்கு இரண்டு கொம்பு, அப்புறம் வந்ததற்கு நான்கு கொம்பு, ஷிமானோவுக்குப் பன்னிரண்டு பள்ளம். ரிமூவரைப் பொருத்தியதும் அச்சின் நட்டையோ குவிக் ரிலீஸையோ அதன் மேல் லேசாக இறுக்கிப் பிடித்துவையுங்கள், இல்லையென்றால் கொம்பு நழுவி ப்ரீவீலின் பள்ளத்தை உடைத்துவிடும். பிறகு ரிமூவரை வைஸில் பிடித்து, சக்கரத்தை பஸ் ஸ்டியரிங் மாதிரி இரண்டு கையாலும் பிடித்து இடப்பக்கமாகத் திருப்புங்கள். இத்தனை வருடம் மிதித்து மிதித்து இறுகியது, வலுவாகத்தான் கேட்கும். சட்டென்று இளகியதும் நிறுத்தி, பிடித்திருக்கும் நட்டைத் தளர்த்திவிட்டுத் தொடருங்கள். கொம்பு உடைந்தே போய்விட்டால், ப்ரீவீலின் முகத்தில் இரண்டு சிறு குழி உள்ள வளையத்தை உளியால் வலப்பக்கமாகத் தட்டிக் கழற்றலாம், அது இடமரை. உள்ளே இருக்கும் பால்ஸ் எல்லாம் கொட்டும், வெளிக்கூடு வந்துவிடும். மிஞ்சும் உட்பகுதியை வைஸில் கவ்வித் திருப்பினால் வேலை முடிந்தது. ஹெலிகோமேட்டிக் என்று எழுதிய மையார் ஹப்பாக இருந்தால் அதில் வழக்கமான மரையே இல்லை. அந்தச் சக்கரத்தோடு போராட வேண்டாம், வேறு சக்கரம் பாருங்கள்.

கிராங்க் இரண்டு வகை. காட்டர் பின் என்ற ஆப்பு வைத்ததைத் தமிழ்நாட்டில் எந்த சைக்கிள் கடைக்காரரும் அரை நிமிடத்தில் தட்டி எடுத்துவிடுவார், வெளிநாட்டில் இளைய மெக்கானிக்குகளுக்கு அது பழக்கமில்லை. நட்டைப் பின்னின் நுனியோடு சமமாக வரும்வரை மட்டும் தளர்த்துங்கள், முழுக்கக் கழற்றினால் அடிக்கும்போது மரை நசுங்கும். கிராங்குக்கு அடியில் ஒரு இரும்புக் குழாயை நிறுத்தித் தரையில் முட்டுக் கொடுங்கள், பிறகு ஒரே பலமான அடி. முட்டு இல்லாமல் அடித்தால் அந்த அதிர்ச்சி முழுக்க உள்ளே இருக்கும் பால்ஸுக்கும் கப்புக்கும் போகும். காட்டர் இல்லாத அலுமினியம் கிராங்க் என்றால் போல்ட்டையும் அதன் வாஷரையும் எடுத்துவிட்டுத்தான் புல்லரைத் திருக வேண்டும், வாஷர் உள்ளேயே இருந்தால் கிராங்கின் மரை பிய்ந்து வந்துவிடும். பழைய பிரெஞ்சு கிராங்குகளுக்குப் புல்லர் அளவும் வேறு.

இடப்பக்கப் பெடல் இடமரை என்பதை நினைவில் வையுங்கள். ஆங்கில பி.பி.யில் செயின் பக்கத்து கப்பும் இடமரை. பி.பி.யைத் திறந்துவிட்டால் புது கால் அங்குல பால்ஸ், பக்கத்துக்குப் பதினொன்று, நிறைய கிரீஸ். சரி, அது வழக்கமான ஓவராயில் வேலை, விரிக்கத் தேவையில்லை.

பின் சக்கரமும் செயின்லைனும்

ஃபிரேமின் நடுக்கோட்டிலிருந்து செயின் ஓடும் கோடு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் செயின்லைன். முன் பல்லும் பின் பல்லும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். கியர் சைக்கிளில் செயின் சாய்ந்து ஓடுவதை டீரெய்லர் பொறுத்துக்கொள்ளும். இங்கே பொறுக்க யாரும் இல்லை. வித்தியாசம் இருந்தால் சத்தம் போடும், பல் தேயும், அதிகமானால் செயின் கழன்று விழும். ஃபிக்ஸடில் செயின் விழுந்து சக்கரத்தில் சிக்கினால் பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். ப்ரீவீலுக்கு 2 மி.மீ. வரை விட்டுவிடலாம், ஃபிக்ஸடுக்கு 1 மி.மீ.க்குள் கொண்டுவந்தே ஆக வேண்டும்.

அளப்பது கடினமில்லை. முன்னே: சீட் குழாயின் பக்கவாட்டிலிருந்து செயின்வீல் (முன் பல்சக்கரம்) பல்லின் நடு வரை அளந்து, குழாயின் விட்டத்தில் பாதியைக் கூட்டுங்கள். ஆங்கில, ஜப்பானிய ஃபிரேமில் குழாய் 28.6 மி.மீ., பாதி 14.3. பிரெஞ்சு ஃபிரேமில் குழாய் 28. பின்னே: இரண்டு டிராப்அவுட்டுக்கும் இடையில் உள்ள அகலத்தில் பாதியை எடுத்து, வலது டிராப்அவுட்டின் உட்பக்கத்திலிருந்து பின் பல்லின் நடு வரை உள்ள தூரத்தைக் கழியுங்கள்.

அந்த அகலம் ஐந்து பல்சக்கரம் இருந்த சைக்கிளில் 120 மி.மீ., ஆறு அல்லது ஏழு இருந்ததில் 126 மி.மீ. ஒரு 126 மி.மீ. ஜப்பானிய ஃபிரேமை எடுத்துக்கொள்வோம். பாதி 63. பழைய ஹப்பில் ஒற்றை ப்ரீவீலைத் திருகினால் அது ஸ்போக்ஸ் பக்கம் ஒட்டி உட்காரும், டிராப்அவுட்டிலிருந்து 27 மி.மீ. தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். 63இல் 27 போனால் 36. முன்னே இருக்கும் இரண்டு செயின்வீலில் உள்வளையம் 41இல் இருக்கிறது. ஆக பின் பல் 5 மி.மீ. வெளியே வர வேண்டும்.

இதற்குப் புது சாமான் எதுவும் வேண்டாம். ஹப் அச்சின் வலப்பக்கத்தில் ஐந்தாறு பல்சக்கரத்துக்கு இடம் விட ஒரு தடித்த ஸ்பேசர் இருக்கும். அதில் 5 மி.மீ. அளவை எடுத்து இடப்பக்கம் போடுங்கள். மொத்த அகலம் அதே 126, ஹப் மட்டும் வலப்பக்கம் நகர்ந்துவிட்டது. அச்சைத் திறந்த கையோடு பழைய கிரீஸைத் துடைத்து, கால் அங்குல பால்ஸ் பக்கத்துக்கு ஒன்பது புதிதாகப் போட்டு, கோனில் குழி விழுந்திருந்தால் மாற்றுங்கள். பூட்டும்போது குவிக் ரிலீஸ் அச்சு இரு பக்கமும் சமமாக, லாக் நட்டுக்கு வெளியே ஏறக்குறைய 5 மி.மீ. நிற்க வேண்டும், டிராப்அவுட்டின் தடிப்பைத் தாண்டி நீளக்கூடாது.

இப்போது ஹப்போடு ரிம்மும் 5 மி.மீ. வலப்பக்கம் போயிருக்கும். அதை நடுவுக்குக் கொண்டுவர வலப்பக்க ஸ்போக்ஸ் எல்லாவற்றையும் அரைச் சுற்றுத் தளர்த்துங்கள், இடப்பக்கம் எல்லாவற்றையும் அரைச் சுற்று இறுக்குங்கள், திரும்ப முதலிலிருந்து. அவசரப்பட்டு ஒரே கம்பியில் இரண்டு சுற்றுப் போட்டால் கோட்டம் விழுந்துவிடும். நடுவுக்கு வந்ததா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு: சக்கரத்தை ஃபிரேமில் போட்டு ரிம்முக்கும் ஃபிரேம் குழாய்க்கும் உள்ள இடைவெளியை ஒரு பக்கம் அளந்துகொள்ளுங்கள், சக்கரத்தைத் திருப்பிப் போட்டு அதே பக்கம் மறுபடி அளங்கள், இரண்டும் ஒன்றாக இருந்தால் ரிம் நடுவில் இருக்கிறது. கடைசியாகக் கோட்டம் எடுத்துவிட்டால், இந்தச் சக்கரம் முன்பு இருந்ததைவிட உறுதியானது, ஏனென்றால் கியர் ஹப்பில் வலப்பக்கக் கம்பிகள் மட்டும் அதிகமாக இழுபட்டு நிற்கும், இப்போது இரண்டு பக்கமும் சமத்துக்கு நெருங்கிவிட்டது. வேலை முழுவதிலும் எனக்கு அதிகம் திருப்தி தருவது இந்தப் பகுதிதான்.

பழைய ரிம் குரோம் பூசிய இரும்பு என்றால் கதை வேறு. மழையில் இரும்பு ரிம்மில் பிரேக் பிடிக்காது, எந்த ரப்பர் போட்டாலும் கொஞ்சம்தான் தேறும். பேசாமல் அலுமினிய ரிம் வைத்த ஃபிளிப் ஃப்ளாப் சக்கரம் வாங்குங்கள். அதன் விலை சைக்கிளின் விலையைத் தாண்டலாம், ஆனால் பணம் போக வேண்டிய இடம் அதுதான். அது 120 மி.மீ. அகலத்தில், 42 மி.மீ. செயின்லைனோடு வரும். உங்கள் ஃபிரேம் 126 என்றால் அச்சில் இரு பக்கமும் 3 மி.மீ. வாஷர் போட்டு நிரப்புங்கள். நட்டை இறுக்கியே ஃபிரேமை நெருக்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள், டிராப்அவுட் இரண்டும் ஒன்றுக்கொன்று கோணலாகி அச்சு வளையும். பழைய சக்கரம் 27 அங்குலம், புதியது 700சி (இன்றைய ரோடு பைக் அளவு) என்றால் ரிம்மின் விளிம்பு 4 மி.மீ. கீழே போகும். பிரேக் கட்டை அவ்வளவு இறங்குகிறதா என்று வாங்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

எத்தனை பல்

பழைய சைக்கிளில் முன்னே பெரும்பாலும் 52ம் 42ம் இருக்கும். 52ஐக் கழற்றிவிட்டு 42ஐ உள்ளே இருந்த இடத்திலேயே வையுங்கள், செயின்லைனும் அங்கேதான் சரியாக வரும். இரண்டு வளையத்துக்கான போல்ட் ஒற்றை வளையத்துக்கு நீளம், குட்டை போல்ட் தனியாகக் கிடைக்கும். வளையங்கள் ரிவிட் அடித்திருந்தால் அப்படியே விடுங்கள், வெளி வளையம் உங்கள் பேண்ட்டைக் காப்பாற்றும்.

42க்குப் பின்னே 16 போட்டால், 27 அங்குலச் சக்கரத்தில் 27ஐ 42ஆல் பெருக்கி 16ஆல் வகுக்க ஏறக்குறைய 71 அங்குலம் வரும், இதுதான் கியர் அளவு, எண் கூடினால் மிதி கனக்கும். நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் மணிக்கு 30 கி.மீ. சமதளத்தில் ஓட்டும் பெரும்பாலோருக்கு இது பொருந்தும். பாலமும் மேடும் நிறைய உள்ள வழி என்றால் 17 அல்லது 18. கண்டியிலோ குன்னூரிலோ இருப்பவர்கள் கியரைக் கழற்றவே வேண்டாம்.

ஃபிக்ஸடில் காலால் பின் சக்கரத்தைப் பூட்டிச் சறுக்கி நிறுத்துபவர்களுக்கு ஒரு கணக்கு. முன் பல், பின் பல் விகிதத்தைச் சுருக்குங்கள். சுருக்கிய பின் கீழே வரும் எண்தான் டயர் தேயும் இடங்களின் எண்ணிக்கை. 48க்கு 16 என்றால் 3க்கு 1, டயரின் ஒரே இடம் தேய்ந்து சீக்கிரம் துணி தெரியும். 42க்கு 16 என்றால் 21க்கு 8, எட்டு இடம். 46க்கு 17 என்றால் பதினேழு.

செயின்

பழைய செயினைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஒற்றைக் கியருக்கு இரண்டு அகலம் இருக்கிறது: 1/8 அங்குலமும் 3/32 அங்குலமும். கியர் சைக்கிளின் செயின்வீல் 3/32. அகலமான 1/8 செயின் அதில் ஓடும், ஆனால் 1/8 பல்சக்கரத்தில் குறுகிய 3/32 செயின் உட்காராது. குழப்பமாக இருந்தால் 1/8 செயினே வாங்குங்கள்.

நீளம் வைக்கும்போது அச்சு பள்ளத்தின் முன்பாதியில் நிற்கட்டும். ஓட ஓட செயின் நீளும், பின்னால் இழுக்க இடம் வேண்டும். சக்கரத்தை இழுக்கும் முறை இதுதான்: இரண்டு நட்டையும் ஓரளவு இறுக்குங்கள், வலது நட்டை மட்டும் தளர்த்தி டயரின் முன்பக்கத்தை வலப்பக்கம் தள்ளினால் அச்சின் வலமுனை பின்னால் போய்ச் செயின் விறைக்கும். அதை இறுக்கிவிட்டு இடது நட்டைத் தளர்த்தி டயரை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். இப்படி மாற்றி மாற்றி.

எவ்வளவு விறைப்பு? பெடலை மெதுவாகச் சுற்றிச் செயின் எங்கே மிக இறுகுகிறது என்று கண்டுபிடியுங்கள், பழைய செயின்வீல் எதுவும் கச்சிதமான வட்டமாக இருக்காது. அந்த இறுகிய இடத்தில் செயின் இழுத்துப் பிடித்த கம்பி மாதிரி இல்லாமல், விரலால் தொட்டால் கொஞ்சம் ஆட வேண்டும். தளர்ந்த இடத்தில் அரை அங்குலத்துக்கு மேல் ஆடக்கூடாது. இரண்டுக்கும் வித்தியாசம் அதிகம் என்றால் செயின்வீல் போல்ட்டுகளைச் சற்றுத் தளர்த்தி, இறுகும் இடத்தில் செயினை லேசாகத் தட்டி, வளையம் மையத்துக்கு வந்ததும் இறுக்குங்கள்.

ஃபிக்ஸட் பல்சக்கரம் என்றால் மரைக்கு கிரீஸ் வைத்து, செயின் விப்பால் (செயின் துண்டு பூட்டிய கைப்பிடி) பலம் கொண்ட மட்டும் இறுக்கி, அப்புறம் லாக் ரிங்கை இடப்பக்கமாகத் திருகிப் பூட்டுங்கள். ஒரு மேட்டில் எழுந்து மிதித்துவிட்டு வந்து லாக் ரிங்கை மறுபடி இறுக்க வேண்டும். மிதித்ததில் பல்சக்கரம் இன்னும் உள்ளே போயிருக்கும், லாக் ரிங் தளர்ந்திருக்கும்.

இதைச் சத்தமாகவே சொல்கிறேன்: ஃபிக்ஸட் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும்போது விரலையோ துணியையோ செயினுக்கு அருகில் கொண்டுபோகாதீர்கள். ப்ரீவீலில் விரல் மாட்டினால் சக்கரம் தனியே சுற்றும், செயின் நின்றுவிடும். ஃபிக்ஸடில் சக்கரத்தின் வேகம் முழுக்க விரலைப் பல்லுக்குள் இழுத்துவிடும். ஸ்டாண்டில் சுற்றிவிட்டுத் துணியால் செயின் துடைத்து விரலை இழந்தவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திவிட்டு உள்ளே போகாதீர்கள்.

பிரேக்

ப்ரீவீல் என்றால் இரண்டு பிரேக்கும் வேண்டும். ஃபிக்ஸட் என்றால் முன் பிரேக் கட்டாயம். பிரேக் பிடித்ததும் உடல் எடை முன் சக்கரத்துக்கு மாறிவிடும், பின் சக்கரம் லேசாகிச் சறுக்கும். எவ்வளவு பலமாகக் காலை எதிர்த்து அழுத்தினாலும் பின் சக்கரத்தால் மட்டும் நிறுத்தினால், நல்ல முன் பிரேக் நிறுத்துவதில் ஏறக்குறைய பாதிதான் கிடைக்கும். பிரேக் இல்லாத ஃபிக்ஸட் பார்க்க அழகாக இருக்கிறது என்பவர்களோடு எனக்கு எந்த உடன்பாடும் இல்லை. எதிரில் வருபவர் அந்த அழகுக்குச் சம்மதிக்கவில்லை. 2016இல் லண்டனில் முன் பிரேக் இல்லாத ட்ராக் பைக் மோதி ஒரு பெண் இறந்தார், ஓட்டிய இளைஞருக்கு அடுத்த ஆண்டு 18 மாதத் தண்டனை கிடைத்தது. பிரிட்டனின் 1983 விதிப்படி இரண்டு தனித்தனி பிரேக் அமைப்பு வேண்டும், ஃபிக்ஸட் சக்கரம் அதில் ஒன்றாகக் கணக்கு, முன் பிரேக் இன்னொன்று. ஒன்டாரியோ சட்டம் காய்ந்த சமதளத்தில் பின் சக்கரத்தைச் சறுக்கவைக்கும் பிரேக்கைத்தான் கேட்கிறது, அங்கேயும் முன் பிரேக்கை நீங்களாகவே மாட்டுங்கள்.

பழைய சைட் புல் பிரேக் நல்லதுதான். கல்லாகிப்போன ரப்பர் கட்டையை மாற்றி, புது கேபிளும் கவசமும் போட்டு, நடு போல்ட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் வேறு பிரேக் மாதிரி ஆகிவிடும்.

ஓட்டம்

ஃபிக்ஸடை முதலில் வாகனம் வராத திடலில் ஓட்டிப் பழகுங்கள். மிதிப்பதை நிறுத்தப் பார்ப்பது உடம்பின் பழக்கம், பெடல் உங்களைத் தூக்கிவிடும். எதிர்த்து நிற்காமல் காலைச் சுற்றவிடுங்கள், வேகத்தைக் குறைக்க மெல்ல மெல்ல எதிர் அழுத்தம் கொடுங்கள். கால் வழுக்கிப் பெடலைத் தேடும் நிலை வரக்கூடாது, அதனால் காலைப் பெடலோடு பிடித்துவைக்கும் டோ கிளிப்பும் வாரும் மாட்டுங்கள். திருப்பத்தில் அதிகம் சாய்ந்தால் உட்பக்கப் பெடல் தரையில் தட்டும், கிராங்க் 170 மி.மீ. என்றால் 165க்கு மாற்றுவது கொஞ்சம் உதவும். 71 அங்குல கியரில் இறக்கத்தில் மணிக்கு 40 கி.மீ. போனால் கால் நிமிடத்துக்கு 118 சுற்றுச் சுற்ற வேண்டும், முன் பிரேக்கைத் தொட்டுத் தொட்டே இறங்குங்கள்.

முதல் 50 கி.மீ. முடிந்ததும் ஸ்பானரை எடுங்கள். கிராங்க் போல்ட் அல்லது காட்டர் நட், செயின்வீல் போல்ட்டுகள், பின் அச்சு நட்டு, ஃபிக்ஸட் என்றால் லாக் ரிங், இவை எல்லாம் ஒரு முறை இறுகக் கேட்கும். அச்சு நட்டுக்கு 30 முதல் 40 நியூட்டன் மீட்டர். குவிக் ரிலீஸ் வைத்திருந்தால் பல் வெட்டிய இரும்பு முகம் உள்ள பழைய பாணியே வேண்டும், அலுமினிய முகம் வழுக்கிச் சக்கரம் முன்னே இழுபட்டுவிடும். இடப்பக்கம் புதிதாக இறுக்கிய ஸ்போக்ஸ் உட்கார்ந்து தளர்ந்திருக்கும், கோட்டமும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். செயின் ஆட்டம் அரை அங்குலத்தைத் தாண்டியிருந்தால் சக்கரத்தை இன்னும் கொஞ்சம் பின்னே இழுங்கள்.